பின்னால் வந்த பஸ்

முதலில் அந்தச் சத்தத்தைச் சொல்லிவிடுகிறேன் சிஸ்டர். மற்றதெல்லாம் பிறகு.

இன்று சாயங்காலம் ஏழே முக்கால் இருக்கும், நன்றாக இருட்டிவிட்டது. ரூத் தொட்டிலில் சிணுங்கினாள். எட்டு மாதப் பிள்ளை, சிணுங்கத்தான் செய்வாள், நான் சொல்லும் சத்தம் அதுவல்ல. அவள் சிணுங்கி ஓய்ந்து, ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, என் காதில் மாட்டியிருந்த இயர்போனுக்குள்ளிருந்து அதே சிணுங்கல் மறுபடி வந்தது. அதே இழுப்பு, முடிவில் அதே விக்கல். நான் "ஓ ஓ, என் தங்கம்" என்றேன். கொஞ்சம் பொறுத்து இயர்போனுக்குள் ஒரு பெண் "ஓ ஓ, என் தங்கம்" என்றாள். அது என் குரல்.

ஒரு பக்கம் எழுதச் சொன்னீர்கள். "நடந்ததை எழுதும்மா, கடைசியில, காலையில உன் வீட்டுக்காரர் வந்து கூப்பிட்டா நீ போறியா இல்லையான்னு ஒரு வரி போடு, ஏழு மணிக்கு வந்து வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டு உங்கள் கான்வென்ட் மாடி அறையில் விளக்கைப் போட்டுக் கொடுத்துப் போனீர்கள். ஒரு பக்கத்தில் முடியாது சிஸ்டர். பாளையங்கோட்டையில் எங்கள் ஸ்கூல் சிஸ்டரும் பத்து வரி கட்டுரை கேட்டால் நான் மூன்று பக்கம் எழுதிக்கொண்டு நிற்பேன். அந்தக் கடைசி வரி மட்டும்தான் எனக்கு இன்னும் வரவில்லை.

என் வீட்டுக்காரரைத் தப்பாக நினைக்காதீர்கள். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆல்வின் அத்தான் என்மேல் ஒரு நாளும் கை வைத்ததில்லை. குடி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாது. கல்யாணமாகி ஓசூருக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. இங்கே ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர், கண்ணாடி போட்ட தனி அறை. ரூத்துக்கு நாற்பது நாள் ஆனதும் ஸ்டூல் போட்டு ஏறி, தொட்டிலுக்கு மேலே தன் கையாலேயே கேமரா மாட்டினார். "வேலை இடத்துல இருந்தே பிள்ளையைப் பாத்துக்கிடலாம், அழுதாலும் கேக்கும் பாரு" என்றார். எங்கள் அம்மாவிடம் போனில் எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா? எந்த ஆம்பளை இப்படிச் செய்வார்? என் போனுக்கு பாஸ்வேர்டு வைத்துக் கொடுத்ததும் அவர்தான். எனக்கு ஞாபக மறதி அதிகம். அதையும் அவர்தான் கண்டுபிடித்தார்.

இனி விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் சிரிக்கக்கூடாது.

போனில் பஸ் ஓட்டுகிற விளையாட்டு ஒன்று இருக்கிறது. நம் ஊர் பஸ்ஸேதான். பெயிண்ட் அடிக்கலாம், முன்கண்ணாடிக்கு மேல் பெயர் எழுதலாம், ஹார்ன் மாற்றலாம், உள்ளே பாட்டுப் போடலாம். மலைப் பாதையில் ஓட்டலாம். சிநேகிதிகள் எல்லாரும் ஒரே ரோட்டில் வரிசையாகப் போகலாம். பிள்ளை பிறந்தபின் நான் பூசைக்கும் ஊசி போடவும் தவிர வாசலைத் தாண்டியது கிடையாது. ஆனால் ராத்திரி பால் கொடுத்துத் தூங்க வைத்த கையோடு ஒரு பஸ் எடுத்தேன் என்றால் மூன்று கொண்டை ஊசி வளைவு, ஒரு டீக்கடை, ஒரு செக்போஸ்ட் என்று ஊர் சுற்றிவிட்டு வருவேன். என் பஸ்ஸுக்கு நீலப் பெயிண்ட். பெயர் 'ரூத்'.

என்னை அதில் இழுத்துவிட்டவள் மகிபா. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். இப்போது கோயம்புத்தூரில் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறாள். ஸ்கூல் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். ஒரு பாட்டு பாடணும், ஒரு ஜோக் சொல்லணும், அதுதான் டிக்கெட். அதே சட்டத்தை இந்த விளையாட்டிலும் கொண்டுவந்தாள். வண்டி கிளம்பும் முன்னால் ஆளுக்கு ஒரு பாட்டும் ஒரு மீமும் குரூப்பில் போட வேண்டும். போடாதவளை நடுரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுவாள். "டிக்கெட் எடுக்காதவ எல்லாம் இறங்குட்டி, செக்கர் வாரான்" என்று மைக்கில் கத்துவாள். நான் இங்கே வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு நாள்தான் அத்தான் சீக்கிரம் வந்துவிட்டார். கதவுகிட்டே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"யார்கிட்ட சிரிக்குத?"

"மகிகிட்ட."

"மகிகிட்டயா?"

"ஆமா அத்தான், இந்தா பாருங்க." போனைக் காட்டினேன். அந்த மீமை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். "இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றப் போய்விட்டார். பாவம், அவருக்குச் சிரிப்பு வராது. சில பேருக்குக் காது கேட்காதது மாதிரி. அதற்கு என்ன செய்ய முடியும்?

ஒரு வாரம் கழித்து மலைரோட்டில் என் பஸ்ஸுக்குப் பின்னால் இன்னொரு பஸ் வந்தது. சாம்பல் நிறம். பெயர் 'மழைக்குருவி'. முந்தவில்லை. ஹார்ன் அடிக்கவில்லை. நான் நின்றால் நின்றது. டீக்கடையில் நிறுத்தினேன், அதுவும் நின்று, எழுத்தில் கேட்டது: "அக்கா உங்க ஹார்ன் செம. எங்க கிடைச்சுது?"

அப்படித்தான் குருவி வந்தாள். ஈரோட்டுப் பக்கம், புதுசாகக் கல்யாணமானவள், மாமியார் வீடு. மைக் போட மாட்டாள். "மாமியார் பக்கத்துல படுத்திருக்காங்க" என்பாள். எழுதிக்கொண்டேதான் பேசுவாள். அத்தானுக்கு இரண்டாவது ஷிப்ட் இருக்கிற வாரத்தில்தான் அவளுக்கும் நேரம் ஒழிகிறது. எவ்வளவு வசதி என்று நினைத்துக்கொண்டேன்.

சிஸ்டர், அவளைப் போல ஒருத்தியை நான் பார்த்ததே இல்லை. டிக்கெட்டுக்கு அவள் போட்ட முதல் பாட்டு எனக்கு உயிர். இரண்டாவதும் உயிர். பத்து நாளில் பத்துப் பாட்டு, பத்தும் என் போனில் நான் வைத்திருக்கிற பாட்டு. அதுவும் நான் வைத்திருக்கிற வரிசையில். ஆண்டவர் எங்கேயோ ஒரு மூலையில் எனக்கு ஒரு இரட்டைப் பிறவியைப் படைத்து வைத்திருக்கிறார் என்று அழுகையே வந்துவிட்டது. நான் ஒரு மீம் போட்டால் போதும், பதினொரு சிரிக்கிற முகம் போடுவாள். அன்றைக்கு அத்தானிடம் காட்டினேனே, சிரிக்க என்ன இருக்கு என்றாரே, அதற்கும் பதினொன்று. "வயிறு வலிக்குது டீ, நிறுத்து" என்று எழுதினாள்.

அவளிடம் எல்லாம் சொன்னேன். பால் சரியாகச் சுரக்காமல் அழுதது, ராத்திரி காரணமில்லாமல் பயம் வருவது, எல்லாம். "உன் புருஷன் எப்படி?" என்று அடிக்கடி கேட்பாள். தங்கமானவர் என்றுதான் சொன்னேன். உண்மையைத்தானே சொல்ல முடியும்? ஒரு நாள் மட்டும், காலேஜில் சேவியோ என்று ஒரு பையன் எனக்குப் பாட்டு அனுப்புவான், அவ்வளவுதான், வேறொன்றுமில்லை, ஆனால் நன்றாகத் தேர்ந்தெடுத்து அனுப்புவான் என்று சொல்லிவிட்டேன். அதையும் சொல்லக் காரணம் குருவி தன்னுடைய பழைய கதை ஒன்றைச் சொல்லி என்னையும் கேட்டதுதான்.

மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தான் ரசத்தைப் பிசைந்தபடி, "பழைய ஆட்களை மனசுல வச்சுக்கிட்டு ஜெபம் பண்ணினா அது ஜெபமா?" என்றார்.  முந்தின நாள்தான் நான் பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் முழங்காலிட்டு சேவியோ பெயரைச் சொல்லியிருந்தேன். ஃபாதர் சொல்லிவிட்டாரோ என்று சந்தேகப்பட்டேன் சிஸ்டர். பாவசங்கீர்த்தன ரகசியத்தை ஒரு குருவானவர் மீறிவிட்டார் என்று நம்ப எனக்கு முடிந்தது. வீட்டுக்குள் சந்தேகப்பட முடியவில்லை. அதற்குப் பிறகு நான் பாவசங்கீர்த்தனத்துக்கே போகவில்லை. இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

மகிபாவுக்குக் குருவியைப் பிடிக்கவில்லை. "அது என்னட்டி எப்பப் பார்த்தாலும் உன் பின்னாலயே ஓட்டுதா? ரோடு முழுக்கக் காலியாத்தானே கிடக்கு, முந்த வேண்டியதுதானே" என்பாள். நான் மரியாதை என்றேன். "மரியாதையா? எனக்கு என்னமோ டிராபிக் போலீஸ் பின்னால வாரமாதிரி இருக்கு."

பிறகு அந்த மீம் வந்தது. ஒரு மத்தியானம் ரூத்தை இரண்டு போட்டோ எடுத்து நானே ஒரு மீம் செய்தேன். மேலே அவள் வாயைப் பிளந்து தூங்குகிறாள். 'குக்கர் ஏழு விசில், பக்கத்து வீட்டில் டிரில்லிங், தெருவில் மைக்செட்: தூக்கம் கலையவில்லை.' கீழே கண்ணை உருட்டிக்கொண்டு முழிக்கிறாள். 'அம்மா ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தாள்.' நன்றாக வந்திருந்தது. ஆனால் பிள்ளை முகத்தை யாருக்கும் அனுப்பக்கூடாது என்று அத்தான் சொல்லியிருந்ததால் போனிலேயே வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துக் குருவி டிக்கெட்டுக்கு ஒரு பூனைக்குட்டி மீம் போட்டாள். குக்கர், டிரில்லிங், மைக்செட், பிஸ்கட் பாக்கெட். எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "மகி, இதே மீமை நானும் செஞ்சு வச்சிருக்கேன்டி! யாருக்கும் காட்டல! பாரேன், எங்க ரெண்டு பேர் மண்டையும் ஒண்ணு!" என்று மைக்கில் குதித்தேன்.

மகி சிரிக்கவில்லை. "அவளுதுலயும் ஏழு விசிலா?"

"ஏழுதான்!"

"ஏட்டி பெனி, உன் போனை வேற யாரு பாப்பாங்க?"

"யாரும் பாக்க மாட்டாங்க. அத்தான் மட்டும்தான்."

 "உனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா? யோசிட்டி" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அன்றைக்கே குருவி தனியாக எழுதினாள்: "மகிக்கு நம்மளப் பாத்து வயித்தெரிச்சல். கல்யாணம் ஆகாதவ இல்ல, ஒரு குடும்பம் நல்லா இருக்கறது பிடிக்காது. உன் புருஷன் மேலயே பழி போடுறா பாத்தியா." அவள் எழுதினது எனக்கு நியாயமாகப் பட்டது. மகியைக் குரூப்பிலிருந்து நீக்கினேன். நானேதான் நீக்கினேன், இந்த விரலால். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். நாற்பத்தேழு நாள் அவளிடம் பேசவில்லை.

இன்றைக்கு வருகிறேன்.

இயர்போனுக்குள் என் குரல் கேட்டது என்றேனே. சில சமயம் நாம் பேசுவது சுற்றிக்கொண்டு நமக்கே கேட்கும், அப்படித்தானோ என்று பார்த்தேன். என் மைக் அணைந்திருந்தது. பிள்ளை தூங்கும்போது நான் எப்போதும் அணைத்துவிடுவேன். குருவியின் பெயர் பக்கத்தில்தான் பச்சை எரிந்தது. மூன்று மாதத்தில் முதல் தடவை அவளுடைய மைக் திறந்திருந்தது, விரல் பட்டிருக்கும். அதில் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அதற்குமேல் ரூத் அழுவது கேட்டது. பிறகு ஒரு தும்மல். "ஏசப்பா." இன்னொரு தும்மல். "ஏசப்பா." மூன்றாவது.

ஒவ்வொரு தும்மலுக்கும் ஏசப்பா சொல்ல வேண்டும் என்று அவருக்கு அவர் அம்மா சின்ன வயதில் பழக்கிவிட்டது. கல்யாணமான புதிதில் பூசை நடுவில் அவர் மூன்று தடவை ஏசப்பா சொல்ல, நான் முக்காட்டுக்குள் சிரித்துச் செத்தேன்.

பச்சை அணைந்தது. எழுத்தில் வந்தது: "சாரி டீ, எங்க அண்ணன். சளி."

நான் 'ஓகே' என்று எழுதினேன். வேறு என்ன எழுத? பஸ்ஸை ரோட்டோரம் நிறுத்தினேன். சாம்பல் பஸ்ஸும் பின்னால் வந்து நின்றது. நான் போனை வைத்துவிட்டு எழுந்து போய், எட்டி, கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். கையை எடுக்கவில்லை, அதற்குள் போன் அடித்தது.

"கேமரா எதுக்குத் திரும்பி நிக்கி?"

"தூசி துடைச்சேன் அத்தான்."

"திருப்பி வை."

"வைக்கேன்."

"பெனி." கத்தவில்லை சிஸ்டர். அவர் கத்தவே மாட்டார். "நீ ஒண்ணும் யோசிக்காத. இப்ப கிளம்பி வாரேன். பிள்ளையைத் தூக்கிட்டு எங்கயும் போவாத. போனா பிள்ளை உன்கிட்ட இருக்காது, பாத்துக்க."

அங்கேயிருந்து வீட்டுக்கு வர இருபத்தைந்து நிமிஷம். நான் நான்கு நாப்கின், ஒரு பால் புட்டி, ரூத். அவ்வளவுதான் எடுத்தேன். செருப்புகூட ஜோடி மாறிப் போட்டுவிட்டேன், வரும்போது நீங்கள் பார்த்தீர்கள். ஆட்டோவில் ஏறி மகிக்குப் போன் போட்டேன். நாற்பத்தேழு நாள். எடுக்கமாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"எங்கட்டி இருக்க?" அதுதான் அவள் கேட்ட முதல் வார்த்தை.

சொன்னேன். பாதிதான் சொல்ல முடிந்தது, பாதி அழுகை.

"சரி, சரி, அழாத, பிள்ளை பயந்துக்கும். ஆட்டோக்காரர்கிட்ட பக்கத்துல கான்வென்ட் எங்க இருக்குன்னு கேளு. எந்த சபையா இருந்தாலும் சரி, போய் பெல்லை அடி. சிஸ்டர்மார் திறப்பாங்க. நம்மளைத் திட்டுவாங்க, ஆனா திறப்பாங்க. நான் ராத்திரி பஸ்ஸைப் பிடிச்சு வாரேன், விடிஞ்சு எட்டு மணிக்குள்ள அங்க நிப்பேன்."

"மகி, நான் உன்னை..."

"சும்மா கிட. டிக்கெட் எல்லாம் கேக்க மாட்டேன். போனை மட்டும் ஆஃப் பண்ணு. அதுல நீ எங்க இருக்கன்னு அவனுக்குத் தெரியும்."

போனை நான் ஆஃப் பண்ணவில்லை சிஸ்டர். நீங்கள் கேட்டபோது பண்ணிவிட்டேன் என்றேன், அது பொய். தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன்.

அத்தான் நம்பரிலிருந்து ஒரு மிஸ்டு கால்கூட இல்லை. வந்ததெல்லாம் அவளிடமிருந்து. "பெனி, எங்கடீ? இன்னிக்கு வண்டி பாதில நிக்குதே." பிறகு ஒரு பாட்டு, நாங்கள் எப்போதும் கடைசி இறக்கத்தில் போடுகிற பாட்டு. பிறகு ஒரு மீம். பிறகு, "உன் புருஷன் நல்லவர் டீ. பயந்துபோய் ஏதோ பண்ணியிருப்பார். வீட்டுக்குப் போயிரு. எனக்காக."

அதைப் படித்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? பதில் எழுத ஆரம்பித்தேன். 'குருவி, எனக்கு இன்னைக்கு என்ன நடந்தது தெரியுமாடி' என்று. பாதியில்தான் சுரணை வந்து அழித்தேன். மூன்று மாதமாக எது நடந்தாலும் அவளிடம் சொல்லித்தான் பழக்கம். அவள் இல்லை என்பதையும் அவளிடம்தான் சொல்லத் தோன்றுகிறது. என்னோடு அப்படிச் சிரித்தது யார்? அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்றால், பதினொரு முகம் போடத் தெரியும் என்றால், எதிரே உட்கார்ந்து ரசம் சாப்பிடும்போது ஒரு தடவை சிரித்திருக்கக்கூடாதா? நான் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பேன்.

ஆகையால் கடைசி வரியாகப் 'போகிறேன்' என்று எழுதலாம் என்றுகூட இருந்தேன். அவர் வந்து, தன் வாயால், தன் பெயரில், நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று. சாயங்காலம் அவர் போனில் சொன்னதை அதற்குள் மறந்துவிட்டேன் பாருங்கள். எனக்கு மறதி அதிகம் என்பது உண்மைதானோ என்னவோ.

மேலே உள்ளதை எழுதி முடிக்கவும் தலையணைக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தது. குருவிதான்.

"இடப்பக்கத்துல இருந்து மூணாவது ஜன்னல்தானே பெனி? லைட் எரியுது. ரூத்தை ஜன்னல்கிட்ட படுக்க வைக்காத, பனி."

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று.

"வாட்ச்மேன் தூங்கிட்டார்."

போனை இப்போது நிஜமாகவே ஆஃப் பண்ணிவிட்டேன். விளக்கை அணைத்தேன். ஜன்னல் வழியாக வருகிற தெரு வெளிச்சத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். ரூத்தைக் கட்டிலிலிருந்து தூக்கி, உள்சுவர் ஓரமாகத் தரையில் போர்வை விரித்துப் போட்டிருக்கிறேன். தூங்குகிறாள். கீழே கேட் பக்கம் ஏதோ சத்தம். காற்றாகவும் இருக்கலாம். கட்டிலுக்குப் பக்கத்தில் உங்கள் அறைக்கு மணி அடிக்கிற சுவிட்சைக் காட்டிவிட்டுப் போனீர்களே, அதை இரண்டு தடவை அமுக்கிவிட்டேன்.

நீங்கள் கேட்ட வரி: போகவில்லை. காலையிலும் போகவில்லை, யார் வந்து எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் போகவில்லை. இதைக் கேட்டில் அவரிடம் நீங்களே சொல்லுங்கள், இந்தத் தாளையும் வேண்டுமானால் காட்டுங்கள்.

இன்னொரு உண்மையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போனதிலிருந்து இந்நேரம் வரைக்கும் கதவை வெறுமனே சாத்தித்தான் வைத்திருந்தேன். அவர் எப்படியாவது மேலே ஏறி வந்து தட்டினால், எழுந்து திறக்கிற நேரம்கூட ஆகவேண்டாம் என்றுதான். இப்போது எழுந்து போனேன். தாழ்ப்பாள் பழசு, துருப்பிடித்திருக்கிறது, இடது தோளால் கதவை முட்டிக்கொண்டு இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது. முதல் தடவை நகரவில்லை. இரண்டாவது தடவை போய் விழுந்தது.

உள்பக்கம் பூட்டியாயிற்று சிஸ்டர்.